எட்டு பாயிண்ட் ரத்தமும் வெடித்த நட்சத்திரமும்

எங்கள் லேபுக்கு எதிரே ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. அங்கே நாள் முழுக்க கேட்டும் கிரில்லும் வெட்டுகிறார்கள். இங்கே நான் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுக்கிறேன். அந்தக் கம்பியில் இருக்கும் இரும்பையும் இந்தக் குழாயில் இருக்கும் இரும்பையும் அணு அணுவாக எண்ண முடிந்தால் ஏறக்குறைய ஒரே கணக்குதான் வரும். நூறு அணுவில் சுமார் 92 அணுக்கள் இரும்பு-56. ஆறுக்குக் கொஞ்சம் குறைவாக இரும்பு-54. இரண்டு அணு இரும்பு-57. இரும்பு-58 ஆயிரத்துக்கு மூன்றுகூடத் தேறாது. எல்லாவற்றிலும் புரோட்டான் 26தான். நியூட்ரான் மட்டும் 28, 30, 31, 32 என்று மாறும். எடை கொஞ்சம் வேறு, குணம் ஒன்றே. ஐசோடோப்பு என்பது அவ்வளவுதான்.

குப்பம் ஆந்திராவின் மூலையில் இருக்கிற ஊர். ஒரு பக்கம் போனால் கிருஷ்ணகிரி மாவட்டம், இன்னொரு பக்கம் போனால் கோலார். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, பெங்களூர் ரயிலில் ஏறினால் கன்னடம். லேப் வேலைக்கு வந்த பிறகு இரும்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். வேலைக்காகத்தான் ஆரம்பித்தது. அப்புறம் அது ரத்தத்தோடு நிற்காமல் செவ்வாய்க் கிரகம், கடல் அடி, தங்கச் சுரங்கம் என்று போய்க்கொண்டே இருந்தது. எங்கே போனாலும் ஒரே சூட்சுமம்தான் கண்ணில் பட்டது. இரும்பு எங்கும் கிடைக்கிற மலிவான சரக்கு, அதன் கலவை விகிதமும் எங்கும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால்தான் அந்த விகிதம் எங்காவது துளி பிசகினாலும் ஒரு சேதி கிடைக்கிறது.

முதலில் ரத்தம். வளர்ந்த ஆணின் உடம்பில் சுமார் நான்கு கிராம் இரும்பு இருக்கும், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் ஆந்திராவில் 58.8 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். எல்லையின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இரண்டு பெண்களில் ஒருத்திக்காவது ரத்தசோகை என்று பொருள். எங்கள் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் கணக்கு மிகை என்று தோன்றாது.

பர்கூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். மகளுக்கு இது ஆறாம் மாதம். ஹீமோகுளோபின் போன தடவை எட்டு, இந்தத் தடவையும் எட்டு. "எட்டு பாயிண்ட்லயே நிக்குதே அக்கா, மாத்திரை ஒரு நாள் விடாமப் போடுறா" என்றார். எப்படிப் போடுகிறாள் என்று கேட்டேன். "வெறும் வயித்துல குமட்டுது. அதனால காலையில டீயோட." அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அந்தச் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. டீயோடு விழுங்கினால் அதில் எவ்வளவு உள்ளே போகும்?

இதை ஊகமாகச் சொல்லாமல் எண்ணாகச் சொல்ல முடிவது ஐசோடோப்புகளால்தான். பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார் இளம்பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. கதிர்வீச்சு இல்லாத இரும்பு ஐசோடோப்பு கலந்த சோற்றைச் சாப்பிடக் கொடுத்தார்கள். டீ இல்லாமல் ஒரு தடவை, ஒரு கப் டீயோடு ஒரு தடவை, இரண்டு கப் டீயோடு ஒரு தடவை. இந்த மாதிரிச் சோதனைகளில் இரண்டு வாரம் பொறுத்துத்தான் ரத்தம் எடுப்பார்கள். சாப்பிட்ட இரும்பு எலும்பு மஜ்ஜைக்குப் போய், புதுச் சிவப்பணுவாகி வெளியே வர அவ்வளவு நாள் வேண்டும். அந்த ரத்தத்தை, அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் நிறமாலைமானியில் வைத்து, வழக்கமான விகிதத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால், தட்டில் வைத்த இரும்பில் எத்தனை பங்கு ரத்தத்தில் சேர்ந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். இரும்பு-57-ஐயும் 58-ஐயும் வைத்து இரண்டு உணவுகளை ஒரே ஆளிடம் ஒப்பிடவும் முடியும்.

ஒரு கப் டீ இரும்பு ஏறுவதை ஏறக்குறைய பாதியாக்கியது. இரண்டு கப் குடித்தால் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ரத்தசோகை உள்ள பெண்களின் குடல் மற்றவர்களைவிட அதிகமாக இரும்பை இழுத்தது, ஆனால் டீ அவர்களுக்கும் சலுகை காட்டவில்லை. வைட்டமின் சி சேர்த்தபோது உறிஞ்சுவது கூடியது. அந்த மகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடு, கூட அரை எலுமிச்சம்பழம் பிழிந்து குடி, டீயை ஒரு மணி நேரம் தள்ளி வை. மாத்திரையோ மருந்தோ மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும். கேழ்வரகில் இரும்பு இருக்கிறதே, அதன் களியான சங்கட்டிதானே தினம் சாப்பிடுகிறோம் என்று அந்த அம்மா விடவில்லை. இருக்கிறது. ஆனால் ஃபைட்டேட், டானின் என்ற பொருட்களும் தானியத்தில் கூடவே இருந்து அதைப் பிடித்துக்கொள்கின்றன.

ஒரு விசேஷம். நான் ஆரம்பத்தில் 'ஏறக்குறைய' ஒரே கணக்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, மனித ரத்தத்தின் இரும்பு உணவில் உள்ள இரும்பைவிட ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு லேசானது என்று காட்டியது. குடல் லேசான ஐசோடோப்பை ஒரு துளி விரும்பி எடுக்கிறது. ஆண்களின் ரத்தம் பெண்களின் ரத்தத்தைவிட இன்னும் கொஞ்சம் லேசு. மாதாமாதம் இரும்பை இழக்கும் பெண்ணின் குடல் கிடைத்ததையெல்லாம் அள்ளுவதால் அங்கே தேர்ந்தெடுக்க இடமில்லை. இதை வைத்துப் பழைய கல்லறை எலும்புகள் ஆணுடையவையா பெண்ணுடையவையா என்று பார்க்கவும் முயன்றிருக்கிறார்கள். லேபில் எங்களிடம் இருப்பது சாதாரண செல் கவுண்டர், அதில் இதெல்லாம் தெரியாது. தெரிந்தால் ஃபாரத்தில் ஆண், பெண் என்று நிரப்பும் கட்டத்தையே எடுத்துவிடலாம்.

இனி இந்தத் துறையின் இருண்ட பக்கம். நிலையான, அதாவது கதிர்வீச்சு இல்லாத ஐசோடோப்புக்கு முன்னால் கதிரியக்க இரும்புதான் வந்தது. இரும்பு-59, அரையாயுள் (பாதி சிதைந்து தீர ஆகும் காலம்) 44 நாட்களுக்குச் சற்று அதிகம். 1939-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் பால் ஹானும் ஜார்ஜ் விப்பிளும் அவர்களுடைய சகாக்களும், எர்னஸ்ட் லாரன்ஸின் துகள் முடுக்கியான சைக்ளோட்ரானில் செய்த கதிரியக்க இரும்பை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சோகை உள்ள நாய் இரும்பை நிறைய எடுத்தது, மற்றது மிகச் சொற்பமாகத்தான் எடுத்தது. உடம்பு இரும்பின் அளவைக் கழிவில் கட்டுப்படுத்துவதில்லை, வாசலிலேயே கட்டுப்படுத்துகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. அருமையான சோதனை. இரண்டாம் உலகப்போரில் இரும்பு-55, 59 இரண்டையும் வைத்துச் சிவப்பணுக்களுக்கு அடையாளம் போட்டு, எந்தத் திரவத்தில் வைத்தால் தானம் செய்த ரத்தம் கெடாமல் இருக்கும் என்று சோதித்தார்கள். இன்று ரத்த வங்கிகளில் தொங்கும் பைகளுக்குப் பின்னால் அந்த வேலையும் இருக்கிறது.

அதே பால் ஹான் பிறகு அமெரிக்காவின் நாஷ்வில்லுக்குப் போனார். அங்கே வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனைக்கு 1940களின் பின்பாதியில் பேறுகாலப் பரிசோதனைக்கு வந்த எண்ணூறுக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளுக்குக் கதிரியக்க இரும்பு கலந்த பானம் கொடுக்கப்பட்டது. அது இன்னதென்று அவர்களிடம் சொல்லவில்லை. சத்துப் பானம் என்று நினைத்துக் குடித்தார்கள். 1960களில் அவர்களுடைய பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தபோது புற்றுநோய் சற்றுக் கூடியிருந்தது தென்பட்டது. வழக்கு நடந்து, 1998-இல் ஒரு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு பேசி முடித்தார்கள்.

இன்னொன்று நமக்கு இன்னும் பக்கத்தில் வருவது. 1969, இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரம். இந்தியாவிலிருந்து போய்க் குடியேறிய குடும்பங்களின் பெண்களுக்கு ரத்தசோகை அதிகமாக இருந்தது. மாவில் இருக்கும் இரும்பு உடம்பில் சேர்கிறதா என்று பார்க்க 21 பெண்களுக்கு இரும்பு-59 கலந்த மாவில் சப்பாத்தி சுட்டு, வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு ஹார்வெல் அணுசக்தி ஆய்வு மையத்துக்குக் கூட்டிப்போய் உடம்பில் கதிர்வீச்சு எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. 1995-இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் வந்த பிறகுதான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. ஒப்புதல் வாங்கினோம் என்று ஆய்வாளர்கள் தரப்பு சொன்னது. என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாது என்று பெண்கள் தரப்பு சொன்னது. 2023-இல் அந்நகரின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மறுபடி விசாரணை கேட்டார்.

கதிர்வீச்சின் அளவு குறைவுதான் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். எனக்கு உறுத்துவது அந்தச் சப்பாத்தி. மருந்து என்று தெரிந்தால் ஒரு பெண் யோசிப்பாள், பக்கத்து வீட்டில் கேட்பாள், புருஷனிடம் சொல்வாள். சப்பாத்தி என்றால் சாப்பிடுவாள். எங்கள் லேபில் மூன்று மொழியில் ஃபாரம் அடித்து வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடுகிறவர்களில் பாதிப்பேர் அதைப் படிப்பதில்லை, "நீங்களே சொல்லுங்கக்கா" என்று ஃபாரத்தைத் திருப்பி நீட்டுவார்கள். அப்போது வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும், எவ்வளவு கூட்டம் இருந்தாலும். பெங்களூரில் நிலையான ஐசோடோப்புக்கு மாறிய காலத்தில் கதிர்வீச்சுப் பயம் போய்விட்டது. கேட்டுச் செய்கிற கடமை போகவில்லை.

சரி, இரும்பு-57-க்கு வருவோம். இந்த ஐசோடோப்பு உணவியல்காரர்களைவிட இயற்பியல்காரர்களுக்குச் செல்லப்பிள்ளை. அணுக்கரு ஒன்று காமாக் கதிரை வீசும்போது பின்னால் எத்துகிறது, அதில் கொஞ்சம் ஆற்றல் போய்விடுகிறது. அதனால் அந்தக் கதிரை அதே மாதிரியான இன்னோர் அணுக்கரு ஏற்றுக்கொள்ளாது, கணக்கு இடிக்கும். கிணற்றில் வாழைத்தண்டைப் பிடித்து நீந்தப் பழகிய யாருக்கும் இது தெரியும்: மிதக்கிற தண்டில் காலை ஊன்றித் தாவினால் தண்டுதான் பின்னால் போகும், நாம் அங்கேயே விழுவோம், பாறையிலிருந்து தாவினால் முழு வீச்சும் நமக்கு. அணுவைத் திடப்பொருளின் படிகத்துக்குள் இறுக்கிவிட்டால், சில தடவை அந்த உதையை முழுப் படிகமும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும், ஆற்றல் துளியும் சிந்தாது என்று 1958-இல் கண்டவர் ஜெர்மனியின் ருடால்ஃப் மோஸ்பவர். அப்போது அவர் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞர். 1961-இல் நோபல் கிடைத்தபோது வயது 32. அவர் செய்தது இரிடியத்தில், அதுவும் நன்றாகக் குளிரவைத்து. இரும்பு-57-இல் சாதாரண அறை வெப்பத்திலேயே நடக்கும் என்று தெரிந்த பிறகுதான் இது உலகமெங்கும் பரவியது.

அந்த இரும்பின் 14.4 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள கதிர் அவ்வளவு கூர்மையானது. கதிரை வீசும் மூலத்தை நொடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் நகர்த்தினாலே கணக்கு இடித்து, எதிரே இருக்கும் அணுக்கரு அதை ஏற்காது. இந்தக் கூர்மையை வைத்து ஐன்ஸ்டைனைச் சோதிக்கலாம் என்று ஹார்வர்டில் ராபர்ட் பவுண்டுக்கும் க்ளென் ரெப்காவுக்கும் தோன்றியது. ஈர்ப்புக்கு எதிராக மேலே ஏறும் ஒளி ஆற்றலை இழக்க வேண்டும், கீழே இறங்குவது பெற வேண்டும். இதற்கு நட்சத்திரம் எதுவும் தேவைப்படவில்லை. இயற்பியல் கட்டடத்தின் கோபுரத்தில் 22.5 மீட்டர் உயரம் போதும். அந்த உயரத்தில் வரும் மாற்றம் பத்துக் கோடி கோடியில் இரண்டரைப் பங்கு. நடுவில் காற்று கதிரை விழுங்காமல் இருக்க ஹீலியம் நிரப்பிய நீளமான பை. மூலத்தை மெதுவாக அசைக்க ஒரு ஒலிபெருக்கி. 1960-இல் வெளியான முடிவு ஐன்ஸ்டைன் சொன்னதோடு பத்து சதவீதப் பிழைக்குள் ஒத்துப்போனது; ஐந்தாண்டுக்குள் பவுண்டும் ஸ்னைடரும் அதை ஒரு சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. மேலே இருக்கும் இரும்புக்கும் கீழே இருக்கும் இரும்புக்கும் ஒரே ஒரு டிகிரி வெப்ப வித்தியாசம் இருந்தாலும், அளக்க வந்த மாற்றத்தின் அளவுக்கே அதுவும் ஒரு மாற்றத்தைக் காட்டிவிடும். பவுண்டும் ரெப்காவும் இதைக் கண்டுகொண்டார்கள். தனியாக, கேம்பிரிட்ஜில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த பிரையன் ஜோசப்சனும் எழுதினார். பின்னாளில் வேறொரு கண்டுபிடிப்புக்காக நோபல் வாங்கிய அதே ஜோசப்சன். லேபில் ஏ.சி. நின்ற நாளில் வந்த ரிசல்ட்டை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கதை கூடுதலாக ருசிக்கும்.

மோஸ்பவர் முறை இரும்பின் அக்கம்பக்கத்தைச் சொல்லும். எந்தத் தாதுவில் இருக்கிறது, எத்தனை எலக்ட்ரானை இழந்திருக்கிறது, காந்தமாக இருக்கிறதா, ஆக்சிஜன் பிடித்த ஹீமோகுளோபினா பிடிக்காததா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி நிறமாலை. 2004-இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி இரண்டு வண்டிகளின் கையிலும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் செய்த சின்னஞ்சிறு மோஸ்பவர் கருவி இருந்தது. ஆப்பர்ச்சூனிட்டி இறங்கிய மெரிடியானி சமவெளிப் பாறையில் அது ஜாரோசைட்டைக் கண்டது. ஹைட்ராக்சில் உள்ள இரும்பு சல்பேட், தண்ணீர் இல்லாமல் உருவாகாது. ஸ்பிரிட் கொலம்பியா குன்றுகளில் கோத்தைட் என்ற இரும்புத் தாதுவைக் கண்டது, அதற்கும் தண்ணீர் வேண்டும். செவ்வாயில் ஒருகாலத்தில் நீர் இருந்ததற்கு இரும்பு சாட்சி சொன்னது இப்படி. கருவிக்கு வேண்டிய கதிரை கோபால்ட்-57 கொடுத்தது. அதன் அரையாயுள் 272 நாட்கள். ஏழு ஆண்டு ஓடினால் அறுநூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆரம்பத்தில் சீக்கிரம் முடிந்த ஒரு வாசிப்புக்கு வர வர நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நிலவியலில் இரும்பு ஐசோடோப்புக்கு ஒரு தனி உலகமே இருக்கிறது. பட்டை பட்டையான இரும்புப் பாறைகளை வைத்து, சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வளியில் ஆக்சிஜன் பெருகிய கதையைப் படிக்கிறார்கள். அதற்குள் போனால் இந்தக் கட்டுரை முடியாது. எங்களுக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பர்கூருக்குப் பக்கத்தில் மயிலாடும்பாறை. 2022 மே மாதம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவித்தபோது அந்தப் பெயர் ஊரெல்லாம் பரவியது: அங்கே இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172. அப்புறம் 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டச் சிவகளை அதையும் தாண்டி கி.மு. 3345-க்குப் போனது. வாட்ஸப்பில் வந்த சேதிகளைப் படித்தவர்கள் இரும்பையே மெஷினில் வைத்து வயசு பார்த்ததாக நினைத்துக்கொண்டார்கள். இரும்பில் அப்படி ஒரு கடிகாரம் இல்லை. வயது தெரிந்தது கூடக் கிடந்த கரியை வைத்து, கார்பன்-14 முறையில். சிவகளையில் மண்ணின் ஒளி உமிழ்வையும் சேர்த்துப் பார்த்தார்கள். எனவே அந்தக் கரியும் அந்த இரும்பும் ஒரே காலத்தில் புதைந்தவைதானா, மரம் வெட்டுவதற்கு முன்பே கிழமாகியிருந்ததா என்ற கேள்விகளைக் கேட்பது தமிழுக்குத் துரோகம் ஆகாது. அகழாய்வுக்காரர்களே முதலில் கேட்கும் கேள்விகள் அவை.

எஃகாக இருந்தால் நேரடி வழி ஒன்று உண்டு. மரக்கரி போட்டு உருக்கியபோது கரியின் கார்பன் கொஞ்சம் உலோகத்துக்குள் போயிருக்கும். அதைப் பிரித்தெடுத்து வயது பார்க்கலாம், 1960களிலேயே செய்துகாட்டிவிட்டார்கள். துரு ஏறாத துண்டு வேண்டும் என்பதுதான் சிக்கல். வயது சொல்லாவிட்டாலும் இரும்பு ஊர் சொல்லும். பிரான்சில் பழைய முறையில் உலை போட்டுப் பார்த்து, தாதுவின் இரும்பு ஐசோடோப்பு விகிதம் உருக்கிய பிறகும் பெரிதாக மாறுவதில்லை என்று காட்டியிருக்கிறார்கள். அதாவது ஒரு கத்தியை எடுத்து, இந்த மலையின் கல்லில் செய்ததா, அந்த மலையினுடையதா என்று கேட்க வாய்ப்பிருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, சித்தூர்ப் பக்கத்து இரும்புக் கசடுகளையும் தாதுக்கல்லையும் சேர்த்து யாராவது இப்படி ஒரு வரைபடம் போட்டால், எவ்வளவு பழையது என்ற போட்டியைவிட எனக்கு அது பெரிய சேதி.

ஆரம்பத்தில் சொன்ன நான்கு ஐசோடோப்பும் பூமி உருவானபோதே இருந்தவை. இரும்பு-56 இத்தனை மலிந்து கிடப்பதற்குக் காரணம் நட்சத்திர வெடிப்பு. வெடிப்பில் முதலில் பிறப்பது நிக்கல்-56. அது ஆறு நாள் அரையாயுளில் கோபால்ட்-56 ஆகி, அது 77 நாள் அரையாயுளில் இரும்பு-56 ஆகிறது. சூப்பர்நோவா வாரக்கணக்கில் மங்காமல் ஒளிர்வதே இந்தச் சிதைவு தரும் ஆற்றலில்தான். 1987-இல் தென்வானில் தெரிந்த வெடிப்பிலிருந்து கோபால்ட்-56-இன் காமாக் கதிரையே பிடித்துவிட்டார்கள்.

இரும்பு-60 வேறு ஜாதி. அரையாயுள் 26 லட்சம் ஆண்டுகள். நமக்கு இது நீண்ட காலம், 450 கோடி ஆண்டுப் பூமிக்கு ஒன்றுமே இல்லை. பூமியோடு பிறந்த இரும்பு-60 எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். எனவே இன்று ஒரு சில அணு கிடைத்தாலும் அது பிற்பாடு வெளியிலிருந்து வந்து விழுந்தது. 1999-இலும் பிறகு இன்னும் தெளிவாக 2004-இலும், பசிபிக் கடலடியில் பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் வளரும் இரும்பு-மாங்கனீசு ஓட்டை அடுக்கடுக்காகச் சுரண்டி மியூனிக் குழுவினர் தேடினார்கள். ஓர் அடுக்கில் மட்டும், பத்துக் கோடி கோடி இரும்பு அணுவில் ஒன்றிரண்டு என்ற அளவில், இரும்பு-60 இருந்தது. 2016-இல் வேறு வேறு பெருங்கடல்களின் படிவுகளிலும் பார்த்து, சுமார் 17 முதல் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தடவையும், 65 முதல் 87 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இன்னொரு தடவையும் விழுந்திருக்கிறது என்றார்கள். அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த நிலா மண்ணிலும் இருந்தது. கடலடியில் தனக்கென்று காந்தத் துகள் செய்துகொள்ளும் ஒருவகை பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றின் எச்சத்திலும் இருந்தது. எங்கோ வெடித்த நட்சத்திரத்தின் இரும்பை ஒரு பாக்டீரியா தின்று தன் உடம்பில் வைத்திருக்கிறது.

2019-இல் வந்தது இன்னும் ஆச்சரியம். அண்டார்டிகாவிலிருந்து 500 கிலோ பனியை உறைந்தபடியே மியூனிக்குக்குக் கொண்டுபோய், உருக்கி வடிகட்டி, அதன் தூசியை முடுக்கியில் எண்ணினார்கள். இருபது ஆண்டுகூட ஆகாத பனி. விரல்விட்டு எண்ணும் அளவில் இரும்பு-60 அணுக்கள். அணுகுண்டு, அணுஉலை எதிலிருந்தும் வந்திருக்க முடியாது என்று கழித்துக்கட்டிய பிறகு மிஞ்சியது விண்மீன்களுக்கு இடையிலான தூசி. அது இன்றைக்கும் விழுந்துகொண்டிருக்கிறது.

ஐசோடோப்பு, விகிதம் எதுவும் பார்க்காமல் இரும்பை வெறும் பாரமாக வைத்துச் செய்த பெரிய சோதனை எங்கள் ஊரிலிருந்து ரயில் ஏறி பங்காருபேட்டையில் மாறினால் வரும் கோலார் தங்கவயலில் நடந்தது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் கே.ஜி.எஃப்.பில் வேலை பார்த்த தாத்தா ஒருவர் இல்லாத வீடு குறைவு. 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சேர்ந்து வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை, பெரும்பாலும் எதிலும் மோதாமல் ஊடுருவிப் போகும் நுண்துகளை, பிடித்தார்கள். உலகில் முதலில் பிடித்தவர்களில் அவர்களும் உண்டு. பிறகு 1980-இல் அதே தங்கவயலில், 2,300 மீட்டர் ஆழத்தில், 140 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, நடுவில் 34 வரிசை உணர்குழாய்களை வைத்தார்கள். கேள்வி இது: புரோட்டான் சாகுமா? அப்போதைய ஒரு கோட்பாட்டின்படி அதன் ஆயுள் 1-ஐ அடுத்து 31 சுழி ஆண்டுகள். ஒரு புரோட்டானைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு காலம் உட்கார முடியாது. ஆனால் 140 டன் இரும்பில் புரோட்டானும் நியூட்ரானுமாக 8-ஐ அடுத்து 31 சுழி இருக்கிறது. கோட்பாடு சரியென்றால் ஆண்டுக்குச் சிலவாவது உடைய வேண்டும். விண்ணிலிருந்து வரும் துகள்மழை குழப்பாமல் இருக்கத்தான் அந்த ஆழம்.

சில நிகழ்வுகள் புரோட்டான் சிதைவு மாதிரியே இருக்கின்றன என்று அவர்கள் அறிவித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிற்பாடு ஜப்பானில் தண்ணீரை வைத்துச் செய்த பெரிய சோதனைகள் அப்படி எதுவும் இல்லை என்று காட்டின. இன்று புரோட்டானின் ஆயுள் 1-ஐ அடுத்து 34 சுழி ஆண்டுகளுக்கும் மேல் என்கிறார்கள். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. தங்கத்துக்காக இறங்கியவர்களின் பேரன்களிடம் நியூட்ரினோவைப் பற்றிச் சொன்னால், அப்படி ஒன்று நடந்ததே தெரியாது என்கிறார்கள்.

கோலாரின் வாரிசாகத் திட்டமிட்டதுதான் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், கேரள எல்லையை ஒட்டிய போடி மேற்கு மலையில் வரவிருந்த நியூட்ரினோ ஆய்வகம். 50,000 டன் இரும்பு. இந்தத் தடவை இரும்பு வெறும் பாரம் இல்லை, காந்தமும்கூட. நியூட்ரினோ மோதிக் கிளம்பும் மியூவான் என்ற மின்னேற்றத் துகள் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து, வந்தது நியூட்ரினோவா எதிர்-நியூட்ரினோவா என்று பிரித்துச் சொல்லும். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும் என்று பரவிய பயத்துக்கு அடிப்படை இல்லை. அது நம் உடம்பை நொடிக்கு நொடி கோடிக்கணக்கில் கடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் மலையைக் குடைந்தால் ஊற்று என்ன ஆகும், பாறை வெடி எத்தனை நாள், பக்கத்தில் மதிகெட்டான் சோலை இருக்கிறதே புலி எந்த வழியே போகும் என்று கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள். அந்தக் கேள்விகளையும் கதிர்வீச்சு வதந்தியையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மக்களுக்கு அறிவியல் தெரியவில்லை என்று ஒதுக்கியதுதான் திட்டத்தைக் கவிழ்த்தது என்பது என் அபிப்பிராயம். 2022-இல் தமிழ்நாடு அரசு இது வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. மதுரையில் 85 டன்னில், 11 அடுக்கு இரும்பை வைத்து ஒரு சின்ன மாதிரி கட்டியிருக்கிறார்கள். தரைக்கு மேலே இருப்பதால் நியூட்ரினோவைத் தேட அது உதவாது. விண்ணிலிருந்து விழும் மியூவான்களை எண்ணிக் கருவியைப் பழக்குகிறார்கள்.